தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

செல்விக்கு என்ன தெரியும், சொல்லுங்கள்? துணி துவைக்கத் தெரியும். அதையும் மெஷின்தான் துவைக்கும். இவள் பொத்தானை அமுக்கிவிட்டு, காய்ந்ததும் மடித்து அலமாரியில் அடுக்குவாள். அவள் கையில்தான் அந்தப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தார்கள். கொடுக்கச் சொன்னது மாஜி. கொடுத்தது நான். பச்சைப் பிள்ளைகளின் ஐ.சி.யு.வில் பாதி ஆயுசைக் கழித்த ஹெலன் சிஸ்டர், என் கையாலேயே எடுத்து அவள் கையில் வைத்தேன். அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, அதற்கு மருந்து எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

எந்த வீடு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். வடக்கே ஒரு மாநிலத்தைத் தாத்தா, மகன் என்று வழிவழியாக ஆளுகிற குடும்பம். மகன் இப்போது முதலமைச்சர். பேரன் எம்.பி. அந்தப் பேரனுக்கு டெல்லியில் ஒரு பங்களா. வாசலில் துப்பாக்கியோடு காவல், உள்ளே நாவல்மரங்கள், புல்வெளியில் மயில். மாஜி என்பது முதலமைச்சரின் மனைவி. மாநிலத்துக்கு அவர் பெரியவர் என்றால் அவருக்குப் பெரியவர் மாஜி. எம்.பி.யின் மனைவியை வீட்டில் பஹூராணி, அதாவது மருமகள் ராணி, என்பார்கள். எனக்கு அவர் மேடம்.

அந்த மேடத்துக்கு இதற்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து இரண்டுமே தங்கவில்லை. முதல் பிள்ளைக்கு ஊரெல்லாம் லட்டு கொடுத்தார்களாம், பட்டாசு வெடித்தார்களாம். இரண்டாவதும் போனதும் எதிர்க்கட்சிக்காரன் ஒருவன் மேடையேறி, இந்தக் குடும்பத்துக்குச் சாபம் இருக்கிறது என்று பேசிவிட்டான். அதனால் மூன்றாவது பிறந்ததை வெளியே மூச்சு விடவில்லை. அதுவும் இதயத் தசை பலவீனமாகத்தான் பிறந்தது. நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், கண்ணாடிப் பெட்டிக்குள் அவனை முதலில் பார்த்துக்கொண்டது நான். வீட்டுக்குக் கொண்டுபோகும்போது, "இந்த மதராஸி சிஸ்டரும் கூட வரட்டும்" என்று மாஜி சொன்னார். வந்தேன். நாங்கள் குடியிருக்கிற லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் வாசலுக்கே தினமும் காலையில் கார் வரும். எதிர் பிளாக்கில் இருக்கிற அண்டர் செக்ரட்டரி வள்ளியம்மை ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டுப் படக்கென்று மூடிக்கொள்வார். பார்க்கட்டும் என்று இருப்பேன்.

பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு வாரிசுக்குரிய பெரிய பெயர் ஒன்று, ஜோசியர் பார்த்து வைத்தது. நான் ராசா என்பேன். பால் குடிப்பதே அவனுக்கு மலையேறுகிற வேலை. நாலு வாய் உறிஞ்சுவான், நெற்றியில் வியர்வை துளிர்க்கும், உடனே நிறுத்திவிட வேண்டும். மூச்சு ஆறியதும் மறுபடி நாலு வாய். மிச்சத்தை மூக்கில் போட்ட மெல்லிய குழாய் வழியாக விட வேண்டும். உதட்டு நிறம் எப்போது மாறும், எந்தப் பக்கம் சாய்த்தால் தூங்குவான், எந்த முனகல் பசி, எந்த முனகல் சும்மா கொஞ்சல், எல்லாம் எனக்குத் தெரியும். என் ஆள்காட்டி விரலைப் பிடித்தான் என்றால் தூக்கத்திலும் விட மாட்டான். அந்த விரலை உருவாமல் ஒரே பக்கமாக உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்ட நாட்கள் உண்டு.

எனக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பதினாறு வருஷம். பாளையங்கோட்டையில் ஜெபிக்காத ஆள் இல்லை, டெல்லியில் பார்க்காத டாக்டர் இல்லை. இதைச் சொல்லி இரக்கம் தேடவில்லை. கதைக்கு வேண்டியிருப்பதால் சொல்கிறேன்.

ஆகஸ்டு மழையில் அவனுக்கு ஒருமுறை மோசமாகிவிட்டது. ஒரு வாரம் போராடித் தேறினான். மறுநாள் மாஜி ஊரிலிருந்து வந்து இறங்கினார். பிள்ளையின் அறைக்குள் வந்து நின்று, என்னை மேலும் கீழும் பார்த்து, "ஸிஸ்டர், உனக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று ஹிந்தியில் கேட்டார்.

"இல்லை, மாஜி."

இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு மரத்துப்போயிற்று. அது பெரிதில்லை. அவர் "அச்சா" என்றார். என்றபடியே என் தலைக்கு மேலாக, அலமாரியில் துண்டு அடுக்கிக்கொண்டிருந்த செல்வியைப் பார்த்தார் பாருங்கள், அதுதான் பெரிது. அந்த அறையில் நான் என்று ஒருத்தி நிற்கவே இல்லை.

"உனக்கு?"

செல்வி மூன்று விரலைக் காட்டினாள்.

"மூன்றும் உயிரோடு இருக்கிறதா?"

"ஹாங் ஜி." அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என் பக்கம் திரும்பித் தமிழில் வேறு சொன்னாள்: "மூணுக்கும் ஒரு நோவு நொடி கெடையாதுக்கா."

நான் கேட்டேனா?

மாஜியின் திட்டம் இதுதான். பிறந்து பிறந்து சாகிற வீட்டில் அடுத்த பிள்ளையை, பிள்ளைகள் நிலைத்த ஓர் ஏழைப் பெண்ணுக்கு விற்றுவிட வேண்டும். விலை, ஒன்றுக்கும் உதவாத ஏதோ ஒன்று. சாவு வந்து பார்க்கும். இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடும். பிள்ளை வளர்ந்து ஆபத்து தாண்டிய பிறகு அதே விலையைக் கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டியது. அதுவரை பிள்ளை அதே அறையில்தான் இருப்பான், ஆனால் பெற்றவள் அவனை மகன் என்று சொல்லக்கூடாது, தொட்டுத் தூக்கவும் கூடாது.

இதைக் கேட்டதும் செல்விக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்க ஊர்லயும் உண்டுக்கா! சின்னசேலம் பக்கம் தவிட்டுக்கு வித்துடுவாங்க. எங்க பெரிப்பா பேரே தவிட்டான்தான். எம்பது வயசு வரைக்கும் கல்லாட்டம் நடமாடினாரு." ஆக, விலையும் அவளே சொல்லிவிட்டாள்.

மறுநாள் சரோஜினி நகருக்குப் பின்னால் அவள் குடியிருக்கிற சந்தில், மாவு மில்லில் கோதுமைத் தவிடு வாங்கிவந்தாள். மாஜி முந்தானையை ஏந்தினார். செல்வி ஒரு கை தவிட்டை அதில் போட்டாள். நான் ஆக்ஸிஜன் குழாயைக் கழற்றி, பிள்ளையை எடுத்து, என் விரலை அவன் பிடியிலிருந்து உருவி, அவள் கையில் வைத்தேன். அவள் மூத்த மகன் போட்டுக் கழித்த சட்டை ஒன்றை அவன்மேல் சுற்றினாள். "பிச்ச" என்று மூன்று தடவை காதில் கூப்பிட்டாள். அர்த்தம் கேட்ட மாஜிக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு மாநிலத்தையே கட்டி ஆளுகிற வீட்டு வாரிசுக்குப் பெயர் பிச்சை! மாஜி கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். தவிடு ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் பூஜை அறைக்குப் போயிற்று.

மேடம் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார். உள்ளே வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் அகஸ்டினிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"ஏட்டி ஹெலன், போன மாசம் கோயில்ல பெண்கள் ஐக்கியத்துல எழும்பி நின்னு, சாங்கியம் சடங்குல்லாம் கிறிஸ்தவங்களுக்கு ஆகாதுன்னு முழங்கினியே. இப்ப அந்தச் சடங்குக்கு உன்னயக் கூப்பிடலன்னா அழுத?"

"யாரு அழுதா? நான் ஒண்ணும் அழல."

"பின்ன கண்ணுல என்ன, வெங்காயமா? நான் கத்திரிக்கால்லா நறுக்குதேன்."

"என்கிட்டதான் மொதல்ல கேட்டாவ. இல்லன்னதும் அவகிட்ட போயிட்டாவ. அத்தன நாளும் பாத்தது நானு. பிள்ள இல்லாதவளுக்கு வெலைக்குக்கூட ஒரு பிள்ளயத் தர மாட்டாவளா?"

அகஸ்டின் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ரசம் வைத்து எனக்கு ஊற்றினார்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. பிள்ளை தேறினான். டாக்டர் ஒரு மருந்தை மாற்றி இன்னொன்றின் அளவைக் கூட்டியிருந்தார். அந்தச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் ஊற்றியது நான். எடை ஏறியது, கன்னம் உப்பியது, உதடு சிவந்தது. வீடே செல்வியைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. சமையற்காரன் அவளுக்குத் தனியாக டீ போட்டான். வாசல் காவலன் அவளிடம் பையைத் திறந்து காட்டச் சொல்வதில்லை. என் பையை மட்டும் தினமும் குடைவான். துண்டு வைத்துவிட்டுப் போகிறவள் இப்போது நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். என் நாற்காலி அது!

"பிச்ச, டேய் பிச்ச, அம்மாவப் பாரு" என்பாள்.

அம்மாவாம்.

அவள் மூக்கில் ஒரு சிவப்புக்கல் மூக்குத்தி. ஒருநாள் அதைப் பிடிக்கக் கையை நீட்டினான் பிள்ளை. எட்டவில்லை. அவள் மூக்கைக் கிட்டே கொண்டுபோய்ச் சட்டென்று பின்னால் இழுத்தாள். அவன் சிரித்தான். வாய் விட்டு, சத்தம் வர. பிறந்து அத்தனை மாதத்தில் முதல் சிரிப்பு. எனக்காக இல்லை. நான் பக்கத்தில் மருந்துக் குப்பியைக் குலுக்கிக்கொண்டு மரமாக நின்றேன்.

சொன்னால் சிரிப்பீர்கள். அன்று சாயங்காலம் காரைச் சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குத் திருப்பச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் மூக்கு குத்தியதில்லை. பொட்டே கிடையாது, மூக்குத்திக்கு எங்கே போக? தெருவில் கடை பரப்பி வைத்திருந்த ஒரு வியாபாரியிடம், குத்தாமல் அழுத்தி மாட்டுகிற சிவப்புக்கல் மூக்குத்தி ஒன்று பேரம் பேசி வாங்கினேன். அவள் கல்லைவிடப் பெரியதாகப் பார்த்து வாங்கினேன். மறுநாள் அறைக்குள் போய், கையைக் கழுவி, மூக்கில் மாட்டிக்கொண்டு பிள்ளையின் மேல் குனிந்தேன். "ராசா, இங்கன பாரு, இங்கன பாரு" என்றேன். பார்த்தான். என் மூக்கைப் பார்த்தான். கொட்டாவி விட்டான். பிறகு ஜன்னலில் உட்கார்ந்திருந்த மைனாவைப் பார்க்கப் போய்விட்டான்.

அந்த நேரம் பார்த்துச் செல்வி உள்ளே வந்தாள்.

"அய்ய, அக்கா! மூக்குத்தி போட்டிருக்கீங்களா? உங்களுக்கு எவ்ளோ எடுப்பா இருக்குது!"

கிண்டல் பண்ணியிருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். பாவி, மனசாரச் சொன்னாள். கழற்றிக் கைப்பைக்குள் எறிந்தேன்.

அதற்கப்புறம் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. அவள் வருகிற நேரமாகப் பார்த்துப் பிள்ளையைத் தூங்க வைப்பேன். "ஏட்டி செல்வி, தும்மின மாதிரி இருக்கே, கிட்ட வராத" என்பேன். அவள் தும்மியே இருக்க மாட்டாள். "சரிக்கா" என்று கதவோரம் நின்று, "பிச்ச" என்று மெதுவாகக் கூப்பிடுவாள். தூங்குகிற பயல் காலை உதைத்துக்கொண்டு எழுந்துவிடுவான்!

மேடத்தையும் சும்மா விடவில்லை. அவர் தினமும் வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நிற்பார். தேர்தல் தட்டிகளில் கணவன் பக்கத்தில் கைகூப்பிச் சிரிக்கிற முகம். வீட்டுக்குள் அந்த முகத்தில் சிரிப்பு மருந்துக்கும் இருக்காது. நான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டும்போது என் கையையே பார்ப்பார். ஒருநாள் கதவை ஒரு விரற்கடை திறந்து, "ஸிஸ்டர், என்... செல்வியின் பையன் இன்றைக்கு எப்படி இருக்கிறான்?" என்றார்.

"நன்றாக இருக்கிறான், மேடம்" என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டேன். வெயில் முகத்தில் அடிக்கிறது என்று ஒரு காரணம். வயிற்றில் சுமந்தவர். பாரம், வலி, பால் கட்டிய மார்பு, எல்லாம் கிடைத்தவர். அதற்கு மேல் என்ன வேண்டுமாம் அவருக்கு? எனக்கென்று இருந்தது அந்த ஒரு விரல் பிடி. அதையும் பங்கு போட ஆள் வந்தால் நான் எங்கே போவேன்?

நவம்பர் வந்தது. டெல்லி நவம்பர் உங்களுக்குத் தெரியும், காற்றையே பல்லால் கடிக்கலாம். அறையில் காற்றைச் சுத்தம் பண்ணுகிற இயந்திரங்கள் இராப்பகலாக ஓடின. அவர்கள் ஊரில் தேர்தல் நேரம். ஆண்கள் எல்லாரும் பிரசாரத்துக்குப் போய்விட்டார்கள். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர்கள் வந்தார்கள், ஓர் ஆஸ்பத்திரியே அறைக்குள் வந்து இறங்கியது. ஒருநாள் காலை, வெயில் புகைக்குள் மஞ்சளாகத் தெரிந்த நேரம், அவன் என் விரலைப் பிடித்திருந்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பிடி தளர்ந்தது. மானிட்டர் கத்துவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. டாக்டர் அவனை அமுக்கினார், ஊதினார், நான் ஊசி எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவர் கையை எடுத்துவிட்டார்.

முதல் பிறந்தநாளைக்கூடக் காணவில்லை என் ராசா.

மாஜி வந்து பார்த்தார். அவர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இது நம் வீட்டுச் சாவு இல்லை" என்றார். "திருப்பி வாங்கவில்லையே. இவன் செல்வியின் பிள்ளை. செல்வி கொண்டுபோகட்டும். இந்த வீட்டில் யாரும் அழக்கூடாது. அழுதால் சாவு நம் கணக்கில் ஏறும், அடுத்ததையும் தேடி வரும்."

நம்பித்தான் சொன்னாரா, தேர்தலுக்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. இரண்டும் ஒன்றாக இருந்திருக்கலாம். கண்ணாடிக்கு வெளியே மேடம் வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு நின்றார். "பஹூ, உன் அறைக்குப் போ" என்றார் மாஜி. அவர் போனார்.

எம்.பி.யின் பி.ஏ. யாருக்கோ போன் பண்ணி, பிள்ளைகளைப் புதைக்கிற மயானம் ஒன்றில் ஏற்பாடு செய்தார். கட்சிக் கொடி இல்லாத ஒரு சாதாரணக் கார் வந்தது. துணைக்கு என்னைப் போகச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் போயிருப்பேன்.

பின் சீட்டில் நானும் செல்வியும். அந்தப் பழைய சட்டையைச் சுற்றி, அதன் மேல் வெள்ளைத் துணி சுற்றி, அவள் மடியில் பிள்ளை. அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டே வந்தாள். என் மடி காலியாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"கொண்டா, கொஞ்சம் நான் வச்சிக்கிடுதேன்."

"இருக்கட்டும்க்கா. நான்தான வாங்கினவ."

அவ்வளவுதான். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்துவிட்டது.

"என்னட்டி வாங்கின? ஒரு கை தவிடு! ஒரு வேளை மருந்து ஊத்தினியா நீ? உனக்கு வீட்டுல மூணு கெடக்கு. செத்த பெறகும் நீதான் அம்மையா? எனக்கு வித்துரு. இப்பமே வித்துரு."

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தான். பாஷை புரியாததால் மறுபடி ரோட்டைப் பார்த்தான். செல்வி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

"உசுரு இல்லாதத யாராச்சும் வாங்குவாங்களாக்கா?"

"நான் வாங்குவேன்."

"வெலயா எதனா குடுக்கணும்க்கா. ஒண்ணுத்துக்கும் ஆவாததா இருக்கணும்."

கைப்பையைக் கவிழ்த்தேன். மாஸ்க், தெர்மாமீட்டர், கைக்குட்டை, ஜெபமலர் பத்திரிகை. அடியில் அந்த மூக்குத்தி. அவளிடம் நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். பிறகு பிள்ளையை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"பேரு நீ வெக்கணும்" என்றாள். முதல்முறையாக என்னை நீ என்றாள்.

எத்தனை பேர் யோசித்து வைத்திருந்தேன் ஒரு காலத்தில்! ஆரோன் என்று, பெண்ணாக இருந்தால் அன்னா என்று. ஒன்றும் வாயில் வரவில்லை.

"பிச்சதான். அவனுக்கு அந்தப் பேருதான் பிடிக்கும். மாத்தாண்டாம்."

காதில் மூன்று தடவை கூப்பிட்டேன். காது குளிர்ந்து கிடந்தது. அவன் விரல்களை விரித்து என் விரலை உள்ளே வைத்து மூடினேன். ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினாறு வருஷமாகக் கேட்டது கடைசியில் இப்படி ஒரு காரில் கிடைத்தது. சந்தோஷமா என்று கேட்காதீர்கள். ஆனால் என் மடியில் என் பிள்ளை இருந்தான்.

மயானத்து வாசலில் மஃப்ளர் சுற்றிய காவலாளி சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பிள்ளையின் தாய் யார்?" என்று கேட்டான். குழிக்குள் வைக்கத் தாயோ தகப்பனோதான் கொடுக்க வேண்டுமாம். செல்வி என்னைப் பார்த்தாள்.

"நான்" என்றேன்.

அந்தச் சொல் வாயைவிட்டு முழுசாக வெளியே வரவில்லை, ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது மேடம். தலை முழுக்கத் துப்பட்டா, முகத்தில் மாஸ்க், காலில் வீட்டுக்குள் போடுகிற செருப்பு. இவர் ஆட்டோவில் ஏறுவார் என்று யார் கண்டது? கையில் அந்த வெள்ளிக் கிண்ணம். பூஜை அறையிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார்.

நேராகச் செல்வியிடம் போனார். கிண்ணத்தை நீட்டினார்.

"உன் தவிடு. ஒரு துளி குறையவில்லை. என் பிள்ளையைத் திருப்பிக் கொடு."

செல்வி பின்னால் நகர்ந்தாள். "மேரே பாஸ் நஹீன் ஹை, மேடம்" என்றாள். என்னிடம் இல்லை. "வித்துட்டேன். அக்காகிட்ட இருக்குது" என்று கையைக் காட்டினாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். மாஸ்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். ஆகஸ்டிலிருந்து என் முகத்தில் இருந்ததே, அதுதான். ஒருத்தி மடியில் இருப்பதை இன்னொருத்தி பார்க்கிற பார்வை. அவரைப் பார்த்து அதுவரை ஊரே பொறாமைப்பட்டிருக்கும். அவர் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டார்.

கிண்ணம் என் முன்னால் வந்தது. அவர் நீட்டிய வேகத்தில் தவிடு ஓரத்தில் சிந்தியது.

"ஸிஸ்டர், கொடுத்துவிடுங்கள்."

கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை. அவருக்கு நாளைக்கு இன்னொன்று பிறக்கலாம். கோட்டை இருக்கிறது, கொடி இருக்கிறது, கும்பிட ஒரு மாநிலம் இருக்கிறது. நான் வாங்கியே முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அவரை நிற்க வைத்தேன். கொஞ்ச நேரம் நிற்க வைத்தேன், பொய் சொல்வானேன். பிறகு அவர் மார்புப் பக்கம் குர்தா நனைந்திருந்ததைப் பார்த்தேன். கண்ணீர்தான். ஆனால் அந்த இடத்தில் அவர் தன் பிள்ளையை ஒருநாள்கூட ஆசைதீர அணைத்ததில்லை என்பது எனக்கல்லாமல் வேறு யாருக்குத் தெரியும்? திரையை இழுத்தவளே நான்தானே.

"தூக்கிக்கோங்க, மேடம்" என்று அவர் கையில் வைத்தேன். "குழியிலயும் நீங்களே வைங்க. ஆனா தவிடு வேண்டாம். நான் விக்க மாட்டேன்."

ஹிந்தியில்தான் சொன்னேன். அவருக்கு நன்றாகப் புரிந்தது. பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டார். மாஸ்கை இழுத்து எறிந்துவிட்டு, மாஜி வேண்டாம் என்று சொன்ன அழுகையை எல்லாம் அங்கே அழுதார். காவலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று பெண்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவரே குழியில் இறக்கினார். உப்பு போட்டார்கள். வாங்க ஆளில்லாத அந்தத் தவிட்டையும் அவர் உப்பின் மேலேயே தூவிவிட்டு, வெறுங்கிண்ணத்தோடு ஆட்டோவில் ஏறிப் போனார்.

அந்தத் தேர்தலில் அவர்கள் ஜெயித்தார்கள். டி.வி.யில் பட்டாசு வெடித்தார்கள், மேடம் கைகூப்பிச் சிரித்தார். அகஸ்டின் சேனலை மாற்றிவிட்டார். நான் மறுபடி ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன்.

போன வாரம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், நம் ஊர்ச் சாமான் விற்கிற கடையில் பச்சரிசி வாங்கிக்கொண்டு நிற்கிறேன், எதிரே செல்வி. அவளும் அந்த வேலையை விட்டுவிட்டாளாம். கூட வந்த மகள் மூக்கில் என் சிவப்புக்கல் மூக்குத்தி. பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

"அக்கா, நம்ம பிச்ச இருந்திருந்தா இந்நேரம் நடந்திருப்பான் இல்ல?" என்றாள்.

"நம்ம என்னட்டி நம்ம? என் பிச்சன்னு சொல்லு."

கடைக்காரர் தராசிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். செல்வியின் கண் நிறைந்துவிட்டது, சிரிக்கவும் செய்தாள்.

"சரிக்கா. உன் பிச்ச."

அப்படிச் சொன்ன பிறகுதான் அவள் தூக்க முடியாமல் தூக்கிய தன் அரிசிப் பையின் ஒரு காதை நான் பிடித்துக்கொண்டேன்.